தொனாத்தியப் பிளவு

தொனாத்தியப் பிளவு என்பது கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்கத் திருச்சபையில் எழுந்த பிரிவினை ஆகும். தவறிழைத்த ஆயரின் கையால் பெற்ற திருநிலைப்பாடும் திருமுழுக்கும் செல்லுமா என்பதே இதன் மையக் கேள்வி.

303இல் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் மறைநூல்களை ஒப்படைத்து எரிக்க ஆணையிட்டார். அச்சத்தால் சில ஆயர்கள் கொடுத்தனர். சிலர் மருத்துவ நூல்களைக் கொடுத்து ஏய்த்தனர். வேதகலாபனை ஓய்ந்தபின், கொடுத்தவர்கள் 'ஒப்படைத்தோர்' என்று இகழப்பட்டனர்.

கார்த்தேஜின் புதிய ஆயர் செசிலியானைத் திருநிலைப்படுத்திய பெலிக்ஸ் ஒப்படைத்தவர் என்று கூறி, நுமிதிய ஆயர்கள் ஏறத்தாழ 70 பேர் அவரை ஏற்க மறுத்தனர். அவர்கள் நிறுத்திய எதிர் ஆயருக்குப்பின் வந்தவரே தொனாத்துஸ். நுமிதியர்க்குத் தலைமை தாங்கிய செக்குந்துஸ், முன்பு சிர்த்தா நகரில் நூல்களை ஒப்படைத்ததாக ஒப்புக்கொண்ட ஆயர்களைக் கடவுளின் தீர்ப்புக்கு விட்டு மன்னித்தவர் என்பதுதான் வேடிக்கை.

விசாரணையில் பெலிக்ஸ் குற்றமற்றவர் எனத் தெரிந்தது. 314இல் ஆர்ல் சங்கம், குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒப்படைத்தோரைப் பதவி நீக்கவும், அவர்கள் திருநிலைப்படுத்தியோரை ஏற்கவும் விதித்தது.

தம் இளமைப் பாவங்களைத் தாமே எழுதிவைத்த இப்போ நகர் ஆயர் அகுஸ்தீன் இதற்கு இறையியல் விளக்கம் தந்தார்: திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே, பணியாளர் வெறும் கருவி. 411ஆம் ஆண்டு கார்த்தேஜ் விவாதத்திற்குமுன், தோற்றால் தங்கள் இருக்கைகளைத் துறப்பதாகவும், வென்றால் திரும்பிவரும் தொனாத்திய ஆயர்களுடன் பதவியைப் பகிர்வதாகவும் கத்தோலிக்க ஆயர்கள் எழுதிக்கொடுத்தனர். தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமானது. ஆனால் அடுத்த ஆண்டே பேரரசு தொனாத்தியர்மீது தண்டம் விதித்தது. மன்னிப்புக்காக வாதாடிய அகுஸ்தீன் அரச வற்புறுத்தலையும் ஆதரித்தார். அது பிளவை முடிக்கவில்லை. 6ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் நுமிதியாவில் தொனாத்தியர் இருந்ததைத் திருத்தந்தை முதலாம் கிரகோரியின் மடல்கள் காட்டுகின்றன.