சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டோரும் உடற்பயிற்சியும்

சிறுவயதில் புற்றுநோய் வந்து குணமானவர்களை ஓடியாட வைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்ற எண்ணம் அண்மைக் காலத்தில்தான் வலுப்பெற்றது. அதற்கு முன் பிழைத்தவர்களே அரிது. 1948-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்னும் மருந்தால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் தணிவதைக் காட்டினார். ஆனால் நோய் விரைவில் திரும்பியது. 1962-இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் பல மருந்துகளையும் கதிர்வீச்சையும் இணைத்து அளித்தனர். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அங்கு சிகிச்சை பெற்ற இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் குணமடைந்தனர்.

பிழைக்க வைத்த மருந்துகளே உடலில் தழும்பையும் விட்டுச் சென்றன. வின்கிரிஸ்டின் என்னும் மருந்து, தமிழ்நாட்டு வீட்டு முற்றங்களில் சாதாரணமாகப் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. அது கை கால் நரம்புகளைப் பாதிக்கும். பாதத்தின் முன்பகுதியைத் தூக்க முடியாமல் குழந்தை தடுக்கி விழும். ஸ்டீராய்டு மருந்துகள் தசையையும் எலும்பையும் நலிவுறச் செய்யும். டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தும். பல ஆண்டுகள் கழித்தே அது வெளிப்படுவதும் உண்டு.

இவ்வளவு பாடுபட்ட பிள்ளை இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பு. பள்ளியிலும் விளையாட்டு வகுப்பில் அப்பிள்ளை மரத்தடியில் உட்கார வைக்கப்படும். உட்கார உட்காரத் தசை மெலியும். பிறகு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால் இன்னும் அதிகம் உட்காரும். அன்பினால் வரும் கேடு இது.

1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டு ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு, 1994-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. அதில் 15,000-க்கும் மேற்பட்டோரின் தகவல்களைக் கொண்டு 2018-இல் வெளியான கட்டுரை, தீவிரமாக உடற்பயிற்சி செய்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவு என்றது. வளர்ந்த பிறகு பயிற்சியைக் கூட்டியவர்களிடமும் அதே பயன் தெரிந்தது. உடல் நலிந்தவர்களால் பயிற்சி செய்ய முடியாது என்பதால், இதை முழு நிரூபணமாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஓய்வே நல்லது என்ற பழைய எண்ணம் ஆட்டங்கண்டது.

தொடங்குமுன் இதயத்தை எக்கோ பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. இதயம் தளர்ந்தவர்கள் மூச்சை அடக்கிப் பெரும் எடை தூக்கக் கூடாது. பாதம் தொய்ந்தவர்களுக்குக் கணுக்கால் தாங்கி உதவும். முதலில் நடை, பிறகு சைக்கிள் எனக் கூட்டலாம். அறிவுரை கேட்டு எந்தச் சிறுவனும் நெடுநாள் நடப்பதில்லை. அண்ணனோ தோழனோ உடன் வந்தால் நடப்பான். பள்ளிக்குத் தரும் மருத்துவக் கடிதத்திலும் பிள்ளை எதைச் செய்யக் கூடாது என்பதோடு, எதையெல்லாம் செய்யலாம் என்பதையும் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.