விதியில் ஏறிய ‘சாதி’ என்னும் சொல்: ஆப்பிள் நிறுவனமும் தொழிற்கூட வாயிலும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குப்பர்டினோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிள் நிறுவனம், தன் பணியாளர் நடத்தை விதிகளில் சாதியின் பெயரால் காட்டப்படும் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடை செய்துள்ளது. இனம், மதம், பாலினம், வயது, வம்சாவளி ஆகியவற்றுக்கு அருகில் சாதியும் இடம்பெற்றது. ஏறத்தாழ 2020இல் செய்யப்பட்ட இத்திருத்தம், 2022 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் வழியாகவே பரவலாக அறியவந்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்று ‘சாதி’ என்னும் சொல்லைத் தன் விதிக்குள் எழுதியது சிறிய செய்தியன்று. ஆயினும் அச்சொல் எவருக்குப் பயன்படுகிறது, எந்த வாயிலில் நின்றுவிடுகிறது என்பதையும் நாம் ஆராய வேண்டியுள்ளது.

சொல் விதிக்குள் வந்த வழி

2020 ஜூன் 30 அன்று, கலிபோர்னியா மாநிலத்தின் நியாய வேலைவாய்ப்பு, வீட்டுவசதித் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஆதிக்கச் சாதியினரான இரு மேலாளர்கள் தலித் பொறியாளர் ஒருவரைச் சாதியின் பெயரால் ஒதுக்கினர் என்பது குற்றச்சாட்டு. அவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டின் வழியே சேர்ந்தவர் என்று சக பணியாளர்களிடம் கூறப்பட்டதாகவும், அதை எதிர்த்து முறையிட்ட பின் அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டதாகவும் மனு கூறியது. குற்றச்சாட்டுகளை சிஸ்கோ மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இரு மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கைத் தொடர்ந்தது.

இவ்வழக்கில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. சாதிப் பாகுபாடு சட்ட விரோதமானதன்று என்று நிறுவனத்தின் பணியாளர் உறவுப் பிரிவு முடிவு செய்ததாக மனு குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், வேலையிடத்தில் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. சாதி அப்பட்டியலில் இல்லை. பெயர் சொல்லப்படாத ஒடுக்குமுறைக்குப் புகார்ப் படிவத்தில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத புகார் மேசையைக் கடப்பதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட், சிஸ்கோ முதலிய நிறுவனங்களில் பணியாற்றிய 30 தலித் பெண் பொறியாளர்கள், தாங்கள் எதிர்கொண்ட சாதிப் பாகுபாட்டைக் கூட்டறிக்கையாக வெளியிட்டனர். விதி தானாகத் திருந்துவதில்லை. இழப்புக்கு அஞ்சாமல் பேசியவர்களின் உழைப்பு அதன் பின்னே இருக்கிறது.

பின்னர் 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து, அவ்வாறு செய்த முதல் அமெரிக்க நகரமாயிற்று. ஆனால் கலிபோர்னியாவின் இரு அவைகளிலும் நிறைவேறிய சட்ட முன்வரைவை, நடப்புச் சட்டங்களே போதும் என்று கூறி ஆளுநர் கவின் நியூசம் 2023 அக்டோபரில் நிராகரித்தார். ஆகவே ஆப்பிளின் தலைமையிடம் அமைந்த மாநிலத்தில், நிறுவனத்தின் விதியில் உள்ள சொல் மாநிலச் சட்டத்தில் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

எழுதப்பட்ட விதியும் தொழிற்கூட வாயிலும்

ஆப்பிளின் கருவிகளைப் பெரும்பாலும் பிற நிறுவனங்களே உருவாக்கித் தருகின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலை அவற்றுள் முதன்மையான ஒன்று. அங்கே ஐபோன்களைப் பூட்டுவோரில் மிகப் பலர் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துப் போராடினர். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் உணவறைகளும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. தரம் குறித்த விதி அதற்கு முன்பும் இருந்தது. சாலைக்கு வந்த பெண்களே அதற்கு உயிர் கொடுத்தனர்.

இரண்டாவது நிகழ்வு இன்னும் தெளிவானது. வழங்குநர்கள் திருமண நிலையின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்பது ஆப்பிளின் எழுதப்பட்ட விதி. எனினும் அந்த ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. 2022இலேயே கவலைகள் எழுந்தபோது நடவடிக்கை எடுத்ததாக ஆப்பிள் கூறியது. பாகுபாடு காட்டியதாகக் கூறப்படுவதை பாக்ஸ்கான் மறுத்தது. அதன் பின்னர் விளம்பரங்களில் வயது, பால், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாமென ஆள்சேர்ப்பு முகவர்களிடம் சொல்லப்பட்டதாகவும் செய்தி வந்தது.

சாதியைப் பற்றிய கட்டுரையில் இதை ஏன் கூறுகிறோம்? ஒரு சொல் விதியில் இருந்தும், ஆள் எடுக்கும் வாயிலில் அது செயலிழந்து கிடக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. ஆள் எடுப்பவர் ஒப்பந்த முகவர். வேலை வாங்குபவர் வழங்குநர். பொருளுக்குப் பெயரிடுபவர் ஆப்பிள். மூவருக்கிடையே பொறுப்பு எளிதில் நழுவிவிடும். ‘திருமணம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது ‘சாதி’ என்ற சொல்லுக்கும் நேரக்கூடும். அதிலும் சாதியை எவரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன, அசைவம் உண்டா என்று கேட்டே அறிந்துகொள்கிறார்கள்.

ஆள் எடுக்கும் கட்டத்திலேயே சாதி வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சமமான தகுதியுடைய விண்ணப்பங்கள் பெயர் மட்டும் மாற்றப்பட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆதிக்கச் சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில், தலித் பெயருக்குக் கிடைத்தது மூன்றில் இரு பங்கு அளவே.

சட்டத்தில் உள்ள வெற்றிடம்

இந்தியாவில் சொல் இல்லாத குறை இல்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எவ்வேலையிலும் ஈடுபடுவதைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் காவல்நிலையம் வரை செல்வதற்கு முன், பணியிடத்திலேயே புகாரைக் கேட்கும் அமைப்பு எது?

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும். 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும். புகார்களின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும். அச்சட்டத்துக்கும் குறைகள் உண்டு. எனினும் சாதிப் புகாருக்காகத் தனியார் நிறுவனங்களில் இத்தகைய கட்டாயக் குழு எதுவும் இல்லை. இடஒதுக்கீடும் தனியார் வேலைக்குப் பொருந்தாததால், எத்தனை தலித்துகள் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கும் வெளிவருவதில்லை. அமெரிக்காவில் தன் பணியாளர்களின் இன விவரங்களை வெளியிட்டுவந்த ஆப்பிளும் சாதி குறித்து அத்தகைய கணக்கை வெளியிட்டதில்லை.

நாம் கேட்க வேண்டியவை

எனவே ஆப்பிளின் விதியைப் பாராட்டி முடித்துவிடுவதும் தவறு. வெறும் வேடம் என்று தள்ளிவிடுவதும் தவறு. நிறுவனமே எழுதித் தந்த சொல், நம் கையில் உள்ள ஓர் ஆவணம். அதைக் கொண்டு நாம் முன்வைக்க வேண்டிய கேள்விகள் நான்கு.

முதலாவது, சாதிப் பாகுபாட்டுப் புகாரை எவர் விசாரிக்கிறார்? சாதி இயங்கும் முறையை அறிந்தவர்களும் தலித் பணியாளர்களும் அக்குழுவில் உள்ளனரா? இரண்டாவது, எத்தனை புகார்கள் வந்தன, என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பது ஆண்டுதோறும் வெளியிடப்படுமா? மூன்றாவது, அதே தடை வழங்குநர், முகவர், விடுதி, உணவறை வரை பெயர் சொல்லி நீட்டப்பட்டு, மீறினால் ஒப்பந்தத்தைப் பாதிக்குமா? நான்காவது, புகார் அளித்தவர் பழிவாங்கப்படாமல் இருக்க என்ன காப்பு உள்ளது?

வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்களிடம் ஊதியத்தைக் கேட்கும் மாணவர்கள் இந்நான்கையும் சேர்த்துக் கேட்கலாம். தனியொருவராகக் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் மாணவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கூட்டாகக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சலுகை விலையில் நிலமும் மின்சாரமும் பெறும் தொழில்களிடம், உள்ளகச் சாதிப் புகார்க் குழுவை நிபந்தனையாக்குமாறு அரசை வலியுறுத்துவதும் நம் கடமை.

குப்பர்டினோ அலுவலகத்தில் பொறியாளரைக் காக்க எழுதப்பட்ட சொல், ஸ்ரீபெரும்புதூரில் திருகாணி முடுக்கும் பெண்ணையும் காக்கும் நாளில்தான் அது விதியாகும். அதுவரை அது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியை நினைவூட்டிக்கொண்டே இருப்பது நம் வேலை.