பூமிக்குள்ளே போனா எடை குறையுமா?

1/ ஏற்காடு மலையேறி கரடியூர் பக்கம் போயிருக்கீங்களா? சேலத்தைவிட அங்கே உங்க எடை துளி குறைவு. பூமியின் மையத்திலிருந்து விலகுறோம் இல்லையா? அப்போ தரைக்குக் கீழே போனா?

2/ நியூட்டன் 1687-லேயே கணக்குப் போட்டார். நமக்கு வெளியே ஓடு மாதிரி சுற்றியிருக்கிற பாறையின் இழுப்பு ஒன்றையொன்று ரத்து செய்துடும். காலுக்குக் கீழே மிச்சமிருக்கிற உருண்டைதான் இழுக்கும். பூமி முழுக்க ஒரே அடர்த்தின்னா, கீழே போகப் போக எடை குறையணும்.

3/ 1854, இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கம். ஏற்கனவே இருமுறை வேறொரு சுரங்கத்தில் தோற்றுப்போன ஜார்ஜ் ஏரி மறுபடி முயன்றார். மேலே ஒரு ஊசல், சுமார் 380 மீட்டர் ஆழத்தில் இன்னொன்று. கீழே இருந்தது நாளுக்கு 2 விநாடிக்கு மேல் முந்தியது. ஈர்ப்பு கூடியிருந்தது!

4/ காரணம்? பூமியின் கனம் உள்ளே ஒளிஞ்சிருக்கு. மேற்பரப்புப் பாறை தண்ணீரைவிட சுமார் 2.7 மடங்கு கனம். பூமியின் சராசரியோ 5.5. ஏரிக்குக் கிடைத்தது 6.6. கொஞ்சம் தப்புதான். ஆனா வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே கட்டி இருக்குன்னு சொன்ன மாதிரி!

5/ சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில், இரும்புக் கருவின் விளிம்பில், ஈர்ப்பு உச்சம்: 10.7. மேலே 9.8. அதுக்கப்புறம் இறங்கி, மையத்தில் பூஜ்ஜியம்.

6/ சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறை ஒரு காலத்தில் பல கி.மீ. ஆழத்தில் வெந்து உருவானது. அடுத்தமுறை அதுமேல உட்காரும்போது நினைச்சுக்கோங்க: மேலே வந்ததில் அந்தக் கல்லும் துளி எடை குறைஞ்சிருக்கு.