வார்ப்பிரும்பிலும் அலுமினியத்திலும் புஷ் துளை

வெளிவிட்டம் 25 மி.மீ., உள்விட்டம் 20 மி.மீ. உள்ள வெண்கல புஷ் ஒன்றை அழுத்திப் பொருத்த வேண்டும். துளையை என்ன அளவுக்கு எடுப்பது? 'எச்7 ரீமர் ஓட்டு' என்பதுதான் பட்டறையில் வழக்கமான பதில். புஷ்ஷின் வெளிவிட்டம் எஸ்6 என்றால், வார்ப்பிரும்பு உடலுக்கு அது பெரும்பாலும் சரியாக வரும். அதே குறிப்பை அலுமினிய உடலின் வரைபடத்திலும் யோசிக்காமல் எழுதிவிடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

25 எச்7 துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். எஸ்6 புஷ் 25.035 முதல் 25.048 வரை. துளையைவிட புஷ் பெரிதாக இருக்கும் அந்த மிகைதான் பிடிப்பு. குறைந்தது 14 மைக்ரான், கூடினால் 48. இவை 20 டிகிரி வெப்பத்துக்கான அளவுகள். அதுவரை இரண்டு உலோகங்களுக்கும் கணக்கு ஒன்றே.

எந்திரம் ஓடி எல்லாம் 120 டிகிரிக்குச் சூடானால் கதை மாறுகிறது. வெண்கல புஷ் 45 மைக்ரான் விரியும். அலுமினியத் துளையோ 57 மைக்ரானுக்கு மேல் விரியும். 12 மைக்ரான் பிடிப்பு போய்விடுகிறது. 14-லேயே தொடங்கிய பொருத்தத்தில் மிஞ்சுவது 2 மைக்ரான்கூட இல்லை. அழுத்தும்போது மேற்பரப்பின் நுண்மேடுகள் நசுங்குவதற்கே அது போதாது. புஷ் தண்டோடு சேர்ந்து சுழலும், எண்ணெய்த் துளை விலகி அடைபடும்.

வார்ப்பிரும்பில் இதற்கு நேர்மாறு. துளை 26 மைக்ரான்தான் விரியும், ஆகவே பிடிப்பு 19 கூடும். 48-இல் இருந்தது 67 ஆகும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த நெருக்கத்தில் சாதாரண வெண்கலம் தாங்காமல் நிரந்தரமாகக் குறுகிவிடலாம், ஆறிய பிறகு புஷ் முன்பைவிடத் தளர்ந்து நிற்கும். 'இன்னும் கொஞ்சம் டைட்டாகவே இருக்கட்டும்' என்று வார்ப்பிரும்புத் துளையைச் சிறிதாக எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அலுமினியத்துக்குத் துளையைச் சிறிதாக்கலாமா? நான் முதலில் அதைச் செய்ய மாட்டேன், உச்சப் பிடிப்பும் ஏறிவிடும் என்பதால். எச்7-க்குப் பதில் எச்6 கேட்பேன். துளை 25.013-ஐத் தாண்டாது, உச்சம் 48-லேயே நிற்கும், குறைந்தபட்சம் 22 ஆக உயரும். சூட்டிலும் 9 மைக்ரான் மிஞ்சும். அதுவும் போதாத இடத்தில் புஷ்ஷும் உடலும் சேரும் கோட்டில் ஒரு திருகு போட்டுப் பூட்டிவிடலாம்.

எச்6-ஐ ரீமரால் நம்பிப் பிடிக்க முடியாது, அலுமினியத்தில் இன்னும் கடினம். விளிம்பில் உலோகம் ஒட்டிக்கொண்டு துளை பெரிதாகும். மண்ணெண்ணெய் விட்டால் ஓரளவு தணியும். போரிங் செய்வதே மேல், துளையின் இடமும் அதில் திருந்தும். ரீமர் பழைய துளையின் வழியேதான் போகும். வார்ப்பிரும்பை உலர்வாகவே ரீமர் செய்துவிடலாம்.

அளக்கும்போதும் அலுமினியம் ஏமாற்றும். 35 டிகிரி வெயிலில், எஃகு ரிங் கேஜும் அதே கொட்டகையில் இருந்தால்கூட, துளை 4 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எந்திரத்திலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்தால் பிழை இன்னும் கூடும்.

அழுத்திய பின் புஷ்ஷின் உள்விட்டம் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லை. 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள உடலுக்குக் கணக்கிட்டால், பிடிப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் வார்ப்பிரும்பில் உள்விட்டத்துக்கு வந்து சேரும், அலுமினியத்தில் 60. உடலே கொஞ்சம் விலகிக்கொடுப்பதால் இந்த வேறுபாடு. இரண்டிலும் பொருத்திய பிறகே உள்விட்டத்தை இறுதி அளவுக்கு எடுப்பது நல்லது.

பொருத்தும் வேலையில் மட்டும் அலுமினியம் கைகொடுக்கிறது. 30 டிகிரியிலிருந்து 100-க்குச் சூடாக்கினால் துளை 40 மைக்ரான் திறக்கும். புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் அதுவும் 20 மைக்ரான் சுருங்கும், கையாலேயே உள்ளே இறங்கிவிடும். அதே சூட்டில் வார்ப்பிரும்பு 18 மைக்ரான்தான் திறக்கும். அதற்குப் பிரஸ்தான் வழி. துளை வாயில் 15 டிகிரி சரிவு எடுத்து, எண்ணெய் தடவி, நேராக அழுத்த வேண்டும்.