கால்வின் ஸ்டோவ்: பொதுப்பள்ளிக்காக வாதிட்ட இறையியல் பேராசிரியர்

'அங்கிள் டாம்ஸ் கேபின்' புதினத்தின் வாயிலாக அடிமை முறைக்கு எதிராக அமெரிக்காவின் மனசாட்சியைத் தட்டியெழுப்பிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவை உலகம் அறியும். அவருடைய கணவர் கால்வின் எல்லிஸ் ஸ்டோவ் (1802-1886) அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனார். இறையியல் கல்லூரியில் விவிலியம் கற்பித்த அந்தப் போதகரைப் பொருளியல் ஆசிரியனாகிய நான் நினைவுகூர்வதற்குக் காரணம், அவர் 1837-இல் அளித்த ஓர் அறிக்கை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நேட்டிக் ஊரில் ஒரு ரொட்டித் தயாரிப்பாளரின் மகனாகப் பிறந்தவர் ஸ்டோவ். ஆறு வயதில் தந்தையை இழந்தார்; சிறுவனாகவே காகித ஆலையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆயினும் படிப்பைக் கைவிடவில்லை. 1824-இல் பௌடன் கல்லூரியில் பட்டம் பெற்று, ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். 1862-இல் தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவும் அதே ஆண்டோவரில் பயின்றவர் என்பது நாம் அறியத்தக்க செய்தி.

1833-இல் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரிலிருந்த லேன் இறையியல் கல்லூரியில் ஸ்டோவ் பேராசிரியரானார். முதல் மனைவி எலைசா 1834-இல் மறைந்தார். கல்லூரித் தலைவர் லைமன் பீச்சரின் மகளான ஹேரியட்டை 1836 ஜனவரியில் மணந்தார். அதே ஆண்டு, கல்லூரி நூலகத்துக்கு நூல்கள் வாங்க ஐரோப்பா சென்றார். அங்குள்ள பொதுப்பள்ளிகளை ஆராய்ந்து வருமாறு ஒஹையோ அரசும் அவரைக் கேட்டுக்கொண்டது. பிரஷ்யாவின் தொடக்கப் பள்ளிகளை நேரில் கண்டு, 1837 டிசம்பரில் மாநிலச் சட்டப்பேரவையிடம் அறிக்கை அளித்தார்.

அந்த அறிக்கை எழுப்பிய கேள்வி எளியது, ஆனால் கூரியது. முடியாட்சி நடக்கும் பிரஷ்யாவில் ஏழைக் குடியானவரின் பிள்ளையும் கட்டாயமாகப் பள்ளி செல்லும்போது, மக்களே ஆளும் குடியரசில் அது ஏன் இயலாது? இதற்கு அவர் கூறிய வழிகளும் தெளிவானவை. ஆசிரியர் தம் தொழிலுக்கென முறையாகப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வேறு பிழைப்பைத் தேடாமல் முழுநேரமும் கற்பிக்கப் போதுமான ஊதியம் அவருக்குக் கிடைக்க வேண்டும். பிள்ளைகள் இடையில் நின்றுவிடாமல் முழுப் பாடத்திட்டத்தையும் பயில வேண்டும். மனித மூலதனம் என்னும் சொல் வழக்குக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் சாரத்தை ஒரு போதகர் நிதி ஒதுக்கும் அவையின் முன் வைத்தார் என்பதே எனக்கு வியப்பு.

பேரவை அறிக்கையை அச்சிட்டு மாநிலத்தின் ஒவ்வொரு பள்ளி வட்டத்துக்கும் அனுப்பியது. மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா உள்ளிட்ட பிற மாநிலங்களும் அதை மறுபதிப்புச் செய்தன. கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மான் பிரஷ்யப் பள்ளிகளைக் காணச் சென்றது 1843-இல்தான். ஆனால் அறிக்கைக்குக் கிடைத்த வரவேற்பு நிலைக்கவில்லை. 1837-இன் நிதி நெருக்கடி நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு ஒஹையோவில் உருவாக்கப்பட்ட பொதுப்பள்ளிக் கண்காணிப்பாளர் பதவி 1840-இல் நீக்கப்பட்டது.

ஆசிரியருக்குத் தக்க ஊதியம் கேட்டவருக்கே அது வாய்க்கவில்லை. அடிமை ஒழிப்பு குறித்த விவாதத்துக்கு லேன் நிர்வாகம் தடை விதித்ததால் 1834-இல் மாணவர்களில் பெரும்பாலோர் வெளியேறியிருந்தனர். நன்கொடையாளரான வணிகர் ஆர்தர் டாப்பனின் நிறுவனமும் 1837 நெருக்கடியில் முடங்கியது. ஸ்டோவின் வருவாய் சுருங்கியது. பிள்ளைகள் பெருகிய வீட்டில் ஹேரியட் எழுதி ஈட்டிய பணம் செலவுக்கு உதவிற்று. மனைவி எழுத்தாளராகவே வாழ வேண்டும் என்று அக்காலத்தில் ஊக்குவித்த கணவர் அவர்.

புதினம் வெளியான மறு ஆண்டு, 1853-இல், தம்பதியரை வரவேற்க லண்டன் எக்ஸட்டர் மண்டபத்தில் பெருங்கூட்டம் திரண்டது. அங்கும் ஸ்டோவ் முகமன் கூறி அமரவில்லை. அமெரிக்க அடிமைகள் விளைவித்த பருத்தியின் பெரும்பகுதியை வாங்குவது பிரிட்டனே என்று சுட்டிக்காட்டி, அந்த ஆதாயத்தில் சிறிதையேனும் துறக்க ஆயத்தமா என்று வினவினார். அறச்சீற்றத்துக்கு அடியில் இருக்கும் கணக்கை அவர் மறக்கவில்லை.

பௌடனிலும், பின்னர் 1864 வரை ஆண்டோவரிலும் கற்பித்து ஓய்வு பெற்ற அவர், 1886-இல் ஹார்ட்ஃபோர்டில் காலமானார். அறிக்கையை அச்சிட்டுப் பரப்புவது எந்த அரசுக்கும் எளிது. நெருக்கடி வரும்போது ஆசிரியருக்கான தொகையை வெட்டாமல் காப்பதே கடினம். கல்விக்குச் செலவிடும் மக்களாட்சி எதுவாயினும், ஸ்டோவின் கேள்விக்கு அந்தக் கடினமான ஆண்டுகளின் கணக்கைக் காட்டித்தான் விடை சொல்ல வேண்டும்.