பேரிடர் மேலாண்மையில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புடைமையும்: 2005 முதல் 2023 வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இந்தியாவில் 2005ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டன. முன்னது அரசிடமிருந்து தகவல் பெறும் உரிமையை மக்களுக்கு வழங்கியது. பின்னது ஆபத்துக் காலத்தில் செயல்பட அரசுக்கு விரிந்த அதிகாரத்தை வழங்கியது. இவ்விரண்டும் நடைமுறையில் எவ்வாறு சந்தித்தன என்பதை, தேசியத் திட்டத்தின் தாமதம், செம்பரம்பாக்கம் நீர்த்திறப்பு, ஜோஷிமட் நிலத்தாழ்வு ஆகிய மூன்று நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பேரிடர் முடிந்தபின் கணக்குக் கேட்கும் வழிகள் வளர்ந்த அளவிற்கு, அது நிகழும்போதே தகவல் அளிக்கும் கடமை வளரவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பேரிடர் மேலாண்மை, வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, தகவல் உரிமை, தணிக்கை, செம்பரம்பாக்கம், ஜோஷிமட்

முன்னுரை

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இந்திய நேரம் காலை 6.29. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய அதன்பின் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அந்த இடைவெளியில் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் சுமார் 6,000 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். தகவல் இருக்குமிடத்திற்கும் அது தேவைப்படும் இடத்திற்கும் உள்ள தொலைவே உயிரிழப்பின் அளவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதை அந்நாள் உணர்த்தியது. இன்றைய பேரிடர் மேலாண்மை அமைப்பு அந்த அனுபவத்தின் பின்னணியில் உருப்பெற்றது. எனவே அவ்வமைப்பைத் தகவல் என்னும் அளவுகோலால் மதிப்பிடுவது பொருத்தமாகும்.

1. ஓராண்டில் பிறந்த இரு சட்டங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஜூன் 15 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் 4ஆம் பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அவற்றிற்குரிய உண்மைகளை அரசு தானே வெளியிட வேண்டும் என்கிறது. முடிவால் பாதிக்கப்படுவோர்க்கு அதன் காரணத்தைக் கூற வேண்டும் என்றும் விதிக்கிறது. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும் என்பது 7ஆம் பிரிவின் விதி.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று ஒப்புதல் பெற்றது. தேசிய ஆணையத்திற்குப் பிரதமரும், மாநில ஆணையத்திற்கு முதலமைச்சரும், மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சியரும் தலைவர்களாயினர். ஆணையங்களின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் வைக்கப்பட வேண்டும் என 70ஆம் பிரிவு கூறுகிறது. மறுபுறம், அவசரக் காலத்தில் ஒப்பந்தப்புள்ளி கோராமலே பொருள் வாங்க 50ஆம் பிரிவும், நல்லெண்ணத்துடன் செய்த செயல்களுக்கு 73ஆம் பிரிவும் பாதுகாப்பு அளிக்கின்றன.

இங்கு ஒரு சமனின்மை கருதத்தக்கது. பொய்யான எச்சரிக்கையைப் பரப்பி மக்களைக் கலங்கச் செய்வோர்க்கு 54ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறைத்தண்டனை வகுக்கிறது. உண்மையான எச்சரிக்கையைத் தாமதப்படுத்துவதைத் தனிக்குற்றமாகச் சட்டம் குறிப்பிடவில்லை. மக்களுக்குத் தகவல் பரப்பும் ஏற்பாட்டை மாவட்ட ஆணையம் செய்ய வேண்டும் என்று 30ஆம் பிரிவு கூறினும், எந்தத் தரவு, எவ்வளவு நேரத்திற்குள் என்ற வரையறை அதில் இல்லை. ஒரே ஆண்டில் பிறந்த இரு சட்டங்களுக்கிடையே பாலம் அமைக்கப்படவில்லை.

2. எழுதப்படாத திட்டம்

சட்டத்தின் 11ஆம் பிரிவு நாடு முழுமைக்குமான ஒரு தேசியத் திட்டத்தைக் கோரியது. இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவர் 2013இல் அளித்த அறிக்கை, அத்திட்டம் அதுவரை வகுக்கப்படவில்லை என்பதை வெளிக்கொணர்ந்தது. தேசியச் செயற்குழு 2008 மே மாதத்திற்குப்பின் கூடவில்லை என்பதையும், ஆணையம் மேற்கொண்ட பெரிய திட்டங்களுள் ஒன்றும் நிறைவடையவில்லை என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது.

2016 மே 11 அன்று, வறட்சி தொடர்பாக ஸ்வராஜ் அபியான் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தேசியத் திட்டத்தை விரைந்து வகுக்கவும் பேரிடர் தணிப்பு நிதியத்தை ஏற்படுத்தவும் ஆணையிட்டது. முதல் தேசியத் திட்டம் அடுத்த மாதமே வெளியிடப்பட்டது. சட்டம் பிறந்து பத்தாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. இக்குறையை வெளிக்கொணர்ந்தது தணிக்கையும் நீதிமன்றமுமே. ஆணையத்தின் சொந்த ஆண்டறிக்கை முறை அப்பணியை ஆற்றவில்லை.

3. செம்பரம்பாக்கம்: எண்கள் வந்த நேரம்

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட உபரிநீர் மாலைக்குள் வினாடிக்கு 29,000 கனஅடியை எட்டியது. அடையாற்றின் இரு கரைகளிலும் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. நீர்த்திறப்பு முறையின்றி நடந்தது என்ற குற்றச்சாட்டை அரசு மறுத்தது. நீரளவு படிப்படியாகவே உயர்த்தப்பட்டது என அம்மாத நடுவில் மணிவாரியான எண்களுடன் விளக்கமளித்தது.

அவ்விளக்கத்தின் சரிபிழை ஒருபுறமிருக்க, வெளிப்படைத்தன்மையின் நோக்கில் எழும் வினா வேறு. அந்த எண்கள் டிசம்பர் 1 அன்று ஆற்றங்கரை மக்கள் கைக்குக் கிடைத்திருந்தால், அவை வெளியேறுவதற்கான எச்சரிக்கையாகப் பயன்பட்டிருக்கும். வெள்ளம் வடிந்தபின் கிடைத்தபோது அவை அரசின் தற்காப்பு வாதமாக மட்டுமே பயன்பட்டன. ஒரே தகவலின் பயன் அது வெளியாகும் நேரத்தால் முற்றிலும் மாறிவிடுகிறது.

தணிக்கைத் துறை இவ்வெள்ளத்தை ஆராய்ந்து, ஏரி நீர் மேலாண்மையைக் குறைகூறி, இதனை மனிதர்களால் நேர்ந்த பேரிடராக மதிப்பிட்டது. அவ்வறிக்கை தமிழ்நாடு சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில்தான். தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் எனும் அரசமைப்பின் 151ஆம் உறுப்பு, அதற்குக் கால எல்லை எதையும் விதிக்கவில்லை. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில் மூன்று வடகிழக்குப் பருவமழைக் காலங்களுள் இரண்டு சென்னையைக் கடந்திருந்தன. மூன்றாவது சில மாதத் தொலைவில் இருந்தது.

4. ஜோஷிமட்: மறைக்கப்பட்ட அளவீடு

உத்தராகண்டின் ஜோஷிமட் பழைய நிலச்சரிவுப் படிவின்மேல் அமைந்தது என்பதையும், அங்குப் பெருங்கட்டுமானம் கூடாது என்பதையும் மிஸ்ரா குழு 1976லேயே கூறியிருந்தது. 2023 ஜனவரியில் அந்நகரின் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல் காணப்பட்டது. 2022 டிசம்பர் 27 முதல் 2023 ஜனவரி 8 வரையிலான 12 நாட்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களின் அடிப்படையில் வெளியிட்டது. குழப்பம் உண்டாகிறது எனக் காரணம் கூறி, அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தரவு அளிக்க வேண்டாம் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆய்வு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இஸ்ரோவின் அறிக்கையும் இணையதளத்திலிருந்து நீங்கியது.

எட்டு நிறுவனங்கள் ஆய்வு செய்து அளித்த அறிக்கைகளும் பல மாதங்கள் வெளிவரவில்லை. அவற்றை மறைத்து வைக்கக் காரணமில்லை என உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தபின், 2023 செப்டம்பரில் அவை பொதுவெளிக்கு வந்தன. தம் வீடு நிற்கும் மண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அறிய அங்கு வாழ்ந்தோர்க்கு ஒரு நீதிமன்றத்தின் தலையீடு தேவைப்பட்டது.

5. அச்சம் என்னும் வாதம்

அரைகுறைத் தகவல் பீதியை விளைவிக்கும் என்பது மறைப்பிற்குக் கூறப்படும் முதன்மைக் காரணம். அது முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. பல நிறுவனங்கள் முரணான விளக்கங்களை அளிப்பின் மக்கள் குழம்புவர். ஆனால் ஒடிசாவின் அனுபவம் வேறு பாடத்தைத் தருகிறது. 1999 பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரைகடக்குமுன் வானிலைத் துறையின் கணிப்புகள் தொடர்ந்து வெளியிடப்பட்டன. சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு 50க்கும் குறைவாகவே இருந்தது. புயல் காப்பகங்களும் உள்ளூர்ப் பயிற்சியும் இதற்குத் துணைநின்றன என்பது உண்மை. எனினும், தெளிவான தகவல் முன்கூட்டியே கிடைத்தபோது மக்கள் பீதியுற்றுச் சிதறவில்லை; முறையாக வெளியேறினர். ஆதலின் குழப்பத்திற்கு மருந்து தகவலை விளக்கத்துடன் சேர்த்து அளிப்பதே.

முடிவுரை

மேற்கண்ட நிகழ்வுகள் ஒரு பொதுப்போக்கைக் காட்டுகின்றன. தணிக்கை, சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியன காலந்தாழ்ந்தேனும் கணக்குக் கேட்டுள்ளன. அவை கேட்கும் கணக்கு அடுத்த பேரிடருக்குப் பயன்படலாம். நிகழ்ந்துகொண்டிருக்கும் பேரிடரில் சிக்கியவர்க்குப் பயன்படாது. அணைகளின் நீர்த்திறப்பு அளவும் நிலத்தாழ்வு அளவீடும் பதிவாகும்போதே வெளியிடப்படுதல், வெளியிடாத முடிவிற்குக் காரணம் எழுத்தில் பதியப்படுதல், தணிக்கை அறிக்கைகளை அவையில் வைக்கக் கால எல்லை விதித்தல் ஆகியன இவ்விடைவெளியைக் குறைக்கும். 48 மணி நேரத்திற்குள் தகவல் தரவேண்டும் என்னும் விதி ஏற்கெனவே உள்ளது. ஆற்றில் நீர் ஏறும் வேகத்திற்கு அதுவும் நீண்ட காலமே. பேரிடர்க் காலத்திற்கென அதனினும் குறுகிய எல்லையைச் சட்டம் வகுப்பது இன்றியமையாதது.