புதுக்கோட்டை மாவட்டத்தில் தானியச் சேமிப்பும் கிடங்குத் தொழிலும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் விளைபொருளைச் சேர்த்து வைக்கும் தொழில், வீட்டுக் குதிர், சமஸ்தானக் களஞ்சியம், வணிகர் மண்டி, அரசுக் கிடங்கு எனப் பல கைகள் மாறி வந்துள்ளது. மாவட்டத்தின் பெரும்பகுதி கண்மாயை நம்பிய வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் அடுத்த போகம் வரை குடும்பத்தைக் காப்பது கையிருப்புத் தானியம்தான். அதை வைத்திருந்தவர் கையிலேயே விலையும் இருந்தது.

மேட்டு நிலத்து வரகு, உமியோடு பல ஆண்டு கெடாமல் கிடக்கும். அதனால் பஞ்சத்துக்கு அதையே நம்பினார்கள். நெல்லுக்கு மண் குதிரும் மரப் பத்தாயமும். விதைநெல்லுக்கு வைக்கோல் பிரி சுற்றிய கோட்டை. இடைக்காலத்தில் வணிகக் குழுக்களும் இப்பகுதியில் வலுவாக இருந்தன. கொடும்பாளூர் மணிக்கிராமத்தாரையும் முனசந்தையில் ஐந்நூற்றுவரையும் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நிலவிய அமானி முறையில், சர்க்கார் தன் பங்கை விளைச்சலில் தானியமாகவே எடுத்துக்கொண்டது. அறுத்துக் குவித்த நெல்லுக்குக் காவல் போட்டு, அதிகாரிகள் வந்து அளக்கும்வரை உழவர் அதைத் தொட முடியாது. களத்திலிருந்து களஞ்சியத்துக்குப் போகும் வழியில் சிந்துவது, திருட்டுப் போவது, அளவையில் குறைவது என இழப்பு ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தது. களஞ்சியத்துக் காவலுக்கும் கணக்குக்கும் ஆள் தேவைப்பட்டது. திருவிதாங்கூரில் திவானாக இருந்த அ. சேஷய்யா சாஸ்திரி 1878இல் புதுக்கோட்டை நிர்வாகத்தை ஏற்றபின், அமானியை ஒழித்து வரியைப் பணமாக வாங்கச் செய்தார். சமஸ்தான உழவர் தன் நெல்லுக்குத் தானே முழு உரிமை கொண்டது அப்போதிருந்துதான். இச்சீர்திருத்தத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தவணைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால், அறுவடையானதும் விற்கும் நெருக்கடி வந்தது. சர்க்கார் களஞ்சியம் விட்ட இடத்துக்கு மண்டிக்காரரும் லேவாதேவிக்காரரும் வந்தனர்.

இருப்புப்பாதை மண்டிகளின் இருப்பிடத்தைத் தீர்மானித்தது. அப்போது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிக்கு 1903இலேயே ரயில் வந்தது. அதை 1952இல் காரைக்குடியோடு இணைக்கும்வரை அறந்தாங்கிதான் கடைசி நிலையம். புதுக்கோட்டை நகருக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது 1929இல். அதற்குமுன் மூட்டைகள் மாட்டு வண்டியில்தான் போயின. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. அத்திட்டத்தில் உருவான கல்லணைக் கால்வாய் அறந்தாங்கிப் பக்கத்தைக் காவிரியின் கடைமடையாக்கியது.

1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958இலும், இந்திய உணவுக் கழகம் தஞ்சையில் முதல் மாவட்ட அலுவலகத்தோடு 1965இலும், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இலும் தொடங்கப்பட்டன. திருச்சி, தஞ்சைப் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

இன்று நெல்லின் பயணத்தில் நேரடிக் கொள்முதல் நிலையமே முதல் படி. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் ஈரப்பதத்தைப் பார்த்துத் தூற்றி, 40 கிலோ சிப்பமாகத் தைத்து அட்டி போடுவார்கள். வழக்கமான ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. பருவம் தப்பிய மழையில் அரசு அதைத் தளர்த்துவதுண்டு. கொள்முதல் வேகமெடுத்ததும் கூரையுள்ள கிடங்குகள் நிறைந்துவிடும். மீதி மூட்டைகள் திறந்தவெளியில் தார்ப்பாயின் கீழ் நிற்கும். நனைந்தால் நெல் முளைவிடும், அரிசி பழுப்பேறும். கிடங்கின் கொள்ளளவைவிட, களத்துக்கும் கிடங்குக்கும் இடையில் மூட்டை காத்திருக்கும் நாட்களே சேதத்தைப் பெருக்குகின்றன. ஆகவே ஊருக்கு அருகில் கட்டும் சிறு கூரைக் கிடங்குகள், தொலைவில் எழுப்பும் ஒரு பெருங்கிடங்கைவிடக் கடைமடை உழவருக்கு உதவும். அரவைக்குப் பின் அரிசி நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வட்டக் கிடங்குகள் வழியாக ரேஷன் கடைகளுக்குச் செல்கிறது. சுமைதூக்குவோர், லாரி ஓட்டுநர், சாக்குத் தைப்போர், அரவை ஆலைத் தொழிலாளர் எனப் பலருக்கு இதில் பிழைப்பு இருக்கிறது. சுமைதூக்குவோர் இல்லாமல் ஒரு மூட்டையும் நகராது. கொள்முதல் பருவம் முடிந்தால் அவர்களில் பலருடைய வருமானம் வற்றிவிடும்.

உழவர் காத்திருந்து விற்க வழி செய்வது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தரும் பொருளீட்டுக் கடன். விளைபொருளைக் கிடங்கில் வைத்து அதன் மதிப்பில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று, விலை ஏறியபின் விற்கலாம். 2007ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பதிவு பெற்ற கிடங்கின் ரசீதையே கைமாற்றத்தக்க ஆவணமாக்கியது. அமானியில் களத்து நெல்லையே தொட முடியாதிருந்த உழவருக்கு, கிடங்கு நெல்லின் பேரில் கடன் கேட்கும் உரிமை கிடைத்திருப்பது சிறிய மாற்றமல்ல.

நெல்லுக்கு ஒத்த ஏற்பாடு மற்றப் பொருள்களுக்கு ஒத்துவராது. ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரத்து நிலக்கடலையை நன்கு காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து நஞ்சு சேரும். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்போர், கோடையில் கிடைக்கும் கொட்டையைக் காயவைத்து இருப்பு வைத்தால்தான் மற்ற மாதங்களிலும் அடுப்பு எரியும். கீரமங்கலத்துப் பூவோ அன்று பறித்து அன்றே விலையாக வேண்டியது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள். கரையில் குளிர்சாதன இருப்பு எவ்வளவு உண்டோ, அந்த அளவுக்கே அவர்களால் வியாபாரியிடம் விலை பேச முடிகிறது.